சாவி யார் கையில்?



இலக்கியத் தொடரில் கணனியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிதையும் கதையும் பேசவேண்டிய இடத்தில் மென்பொருளுக்கும் பென் டிரைவுக்கும் என்ன வேலை என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நமது இலக்கியத்துக்கு நெடுங்காலமாகச் சில பகைவர்கள் உண்டு. ஏட்டுச்சுவடியைக் கறையான் தின்றது, ஆற்றுவெள்ளம் கொண்டுபோனது. அவற்றில் எஞ்சியவற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் உ. வே. சாமிநாதையர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்புத் தின்றது. கறையானும் வெள்ளமும் நெருப்பும் தின்றால் நமக்குத் தெரியும். சாம்பலாவது மிஞ்சும், அழுவதற்கு ஓர் இடம் இருக்கும். இன்று புதிதாக ஒரு பகைவன் வந்திருக்கிறான். பொருள் அப்படியே இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. பாட்டு இருக்கிறது, கேட்கவில்லை. எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. இந்தப் பகைவனைப் பற்றியே இன்றைக்குப் பேசுகிறேன்.

மலையகத்து மக்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக உறைக்க வேண்டிய விடயம். ஏனென்றால் எங்கள் இலக்கியத்தின் பெரும்பகுதி ஏட்டிலும் இல்லை, அச்சிலும் இல்லை, வாயில் இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கும்மியும் வாய்வழி வந்தவை. மாசி மாதத்தில் தப்பும் உறுமியும் முழங்க ஆடும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவையும் ஒருவர் பாட மற்றவர் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டவைதாம். எங்கள் பகுதியைச் சேர்ந்த மடக்கும்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்தவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்ற அவர், அரசியலோடு நின்றுவிடாமல், கேட்ட பாடல்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பு அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பாடல்களில் எத்தனை இன்று இருக்கும்?

ஆனால் காகிதத்தில் சொல் நிற்கும், குரல் நிற்காது. ஒப்பாரியில் விம்மல் எங்கே வருகிறது, தாலாட்டில் மூச்சு எங்கே இழுபடுகிறது என்பதைக் காகிதம் சொல்லாது. அதற்கு ஒலிநாடா வந்தது. பிறகு இறுவட்டு வந்தது. இப்போது கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கூடம். வசதி பெருகியதோடு தொல்லையும் பெருகியது. அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அம்மாயி இருந்தார். சாவு வீடுகளில் அவர் ஒப்பாரி சொல்லத் தொடங்கினால் லயமே அடங்கிப்போகும். இறந்தவர் எந்த மலையில் கொழுந்தெடுத்தார், எந்த வெள்ளத்தில் எந்தப் பாலம் போனது, யார் யார் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அந்த ஒப்பாரியில் வரும். எந்தச் செக்றோலிலும் எழுதப்படாத தோட்டத்து வரலாறு அது. அவருடைய மகன் ஒரு காலத்தில் ஏழு பாடல்களை ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்தார். அம்மாயி காலமான பிறகு பேரன் அந்த நாடாவை டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் எம்.பி.3 ஆக மாற்றி, பென் டிரைவில் வாங்கிவந்தான். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்த நாடா, மாற்றும்போதே சிக்கி அறுந்துபோயிற்று. அறுந்த நாடாவை யாரும் பொருட்படுத்தவில்லை. பாட்டுத்தான் பென்னுக்குள் வந்துவிட்டதே!

முதலாவது தொல்லை பெயரில் வந்தது. கடைக்காரத் தம்பி பாடல்களின் பட்டியலைப் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருந்தார். பாமினி இலங்கைத் தமிழரின் அச்சுத் தொழிலைப் பல்லாண்டு தாங்கிய எழுத்துரு. அதன் சேவையை மறப்பதற்கில்லை. ஆனால் அது தமிழ் எழுத்துக்களை ஆங்கில எழுத்துக்களின் ஆசனத்தில் உட்கார வைத்த ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால், ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, பிறகு எச் என்று ஐந்து குறிகள் நிற்கும். உள்ளே அம்மா இருக்கிறாள். வெளியே அவள் முகம் தெரியவில்லை. 1991இல் வெளிவந்த யூனிகோட் முறையின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்களும் கவிதைத் தொகுதிகளும் மலர்களும் இன்னும் எத்தனையோ கணனிகளில் இந்த முகமூடியோடு கிடக்கின்றன.

இரண்டாவது தொல்லை இன்னும் நுட்பமானது. எம்.பி.3 கோப்பின் வாலில் பாடலின் பெயர், பாடியவர் பெயர் முதலியவற்றை எழுத 1996இல் ஒரு சிறு துண்டு ஏற்பாடாயிற்று. அதில் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 30 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோட் முறையில் கோப்புகளுக்குப் பெரிதும் வழங்கும் வடிவத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கேட்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியே மூன்று கொடுக்கவேண்டும். ‘அம்மாயி ஒப்பாரி’ என்று எழுதப் போனால் ‘அம்மாயி ஒப’ என்பதோடு இடம் தீர்ந்துவிடும். பாடலின் வகையைக் குறிக்க அதே துண்டில் முதலில் வைத்த பட்டியலில் 80 வகைகள் இருந்தன. ஐரோப்பியரின் போல்கா நடனத்துக்குக் கூட அதில் இடம் உண்டு. நாட்டார் பாடலுக்கு இல்லை. வின்அம்ப் என்ற மென்பொருளை ஆக்கியவர்கள் பட்டியலை நீட்டியபோதுதான் அது உள்ளே வந்தது. 1998இல் வந்த திருத்திய முறையில் நீளத்தடையும் நீங்கியது. ஆனாலும் ஒரு பொருளைச் செய்கிறவர் யாரை மனத்தில் வைத்துச் செய்தார் என்பதை அந்தப் பழைய 30 பைட் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெயர் போகட்டும், பாட்டாவது முழுசாக இருக்கிறதா? எம்.பி.3 என்பது கழித்துச் சுருக்கும் கலை. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவரின் முணுமுணுப்பு நம் காதில் விழாதல்லவா? அதுபோல, பெரிய ஒலி சிறிய ஒலியை மறைக்கும் இடங்களைக் கணக்கிட்டு, காது கவனிக்காது என்று தோன்றுவதைக் கழித்துவிடுகிறார்கள். இறுவட்டில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும் இசை, வழக்கமான அளவில் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஜெர்மனியில் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் இதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். அவருக்கு நேர்ந்த சோதனை சுவையானது. பல இசைகள் நன்றாக வந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கப் பாடகி சுசான் வேகா பக்கவாத்தியம் எதுவுமின்றித் தனியே பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாடலைப் போட்டுப் பார்த்தார். குரல் சிதைந்து கேட்டது. துணையற்ற ஒற்றைப் பெண்குரலை ஏமாற்றிச் சுருக்க முடியவில்லை! அந்தப் பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டே அவர் தம் முறையைத் திருத்தினார்.

நேயர்களே, ஒப்பாரியும் தாலாட்டும் வேறென்ன? துணையற்ற ஒற்றைப் பெண்குரல்தானே? தப்புச் சத்தத்தின் கதையோ இன்னொன்று. தட்டியவுடன் சட்டென்று வெடிக்கும் ஒலியைக் குறைந்த அளவில் சுருக்கினால், அடி விழுமுன்பே ஒரு மங்கலான இரைச்சல் முந்திக்கொண்டு வரும். இதனை முன்னெதிரொலி என்கிறார்கள். மேலைநாட்டார் இதைச் சோதிக்கக் காஸ்டனெட் என்ற கைத்தாளத்தை எடுத்துக்கொண்டார்கள். தப்பை எடுத்துச் சோதித்தார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை. ஆகவே கடையில் மாற்றக் கொடுக்கும்போது, “இடம் போனாலும் பரவாயில்லை தம்பி, சுருக்காத கோப்பும் ஒன்று வேண்டும்” என்று நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

இனி மூன்றாவது தொல்லை. பேரன் ஏதோ விண்ணப்பத்தை அச்செடுக்க அதே பென் டிரைவை வேறொரு கடையில் செருகினான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாடல்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் குறுக்குவழிக் குறிகள் மட்டும் நின்றன. மறுநாள் கடைக்குப் போனான். பிறகுதான் என்னிடம் வந்தான்.

“சேர், டிரைவுல வைரஸ்னு சொன்னாங்க. போர்மட் பண்ணினாத்தான் சரிவரும்னு பண்ணிட்டாங்க. அம்மாயி பாட்டு வருமா சேர்?”

இந்த வகை வைரஸ் பாடலை அழிப்பதில்லை, ஒளித்துவைக்கிறது. கோப்புகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் தானே வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்டு உலகைக் கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸும் எம்.பி.3 கோப்புகளை இப்படித்தான் செய்தது. படங்களை அழித்தது, பாடல்களையோ மறைத்துவிட்டு அவற்றின் பெயரில் தன் பிரதியை வைத்தது. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கணனிக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் அம்மாயி அங்கேயே இருந்திருப்பார். போர்மட் செய்த பிறகும் பெரும்பாலும் மீட்கலாம். விரைவாகச் செய்யும் போர்மட் பட்டியலைத்தான் அழிக்கிறது, பண்டத்தை அல்ல. ஆனால் அந்தக் கடைத் தம்பி நல்ல மனசுக்காரர். வெறும் டிரைவைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அதன் கொள்ளளவு நிறையப் புதுச் சினிமாப் பாட்டுக்களை ஏற்றிக் கொடுத்திருந்தார். அம்மாயி இருந்த இடத்தில் எல்லாம் அவை ஏறி உட்கார்ந்துவிட்டன. எந்த மென்பொருளாலும் மீட்க முடியவில்லை.

ஏழில் ஒன்று மட்டும் பிழைத்தது. அது இங்கே பிழைக்கவில்லை; நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் பிழைத்தது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அங்கே போன உறவுக்காரர் ஒருவருக்குப் பேரன் ஒரு பாட்டை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஒப்பந்தம் பிரித்த குடும்பத்தின் கைத்தொலைபேசியில் ஓர் ஒப்பாரி தப்பிக் கிடந்தது. ஒரு பிரதி வெளியே போயிருந்தபடியால் ஒரு பாட்டு நமக்கு மிஞ்சியது. மற்ற ஆறும் ஒரே இடத்தில் இருந்தபடியால் போயின.

பிரதி எடுப்பதுதான் வாய்மொழி இலக்கியத்தின் உயிர். ஒருத்தி பாட இன்னொருத்தி கேட்டுப் பாடுவது பிரதி எடுப்பதல்லாமல் வேறென்ன? இசை வணிகமோ பிரதி எடுப்பதற்குப் பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2005இல் உலகம் கண்டது. சோனி பி.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட சில இறுவட்டுகளைக் கணனியில் போட்டால், பாடலோடு ஒரு மென்பொருளும் உள்ளே இறங்கியது. பிரதி எடுப்பதைத் தடுப்பது அதன் வேலை. தன்னை யாரும் கண்டுபிடிக்காதிருக்க அது கணனியின் அடிவேருக்குள் ஒளிந்துகொண்டது. 2005 ஒக்டோபர் 31ஆம் திகதி மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் தம் சொந்தக் கணனியில் அதைக் கண்டு வெளிப்படுத்தினார். சில நாட்களுக்குள் வேறு வைரஸ்களும் அதே மறைவிடத்தில் போய் ஒளியத் தொடங்கின. எதிர்ப்பு எழ, நிறுவனம் அந்த இறுவட்டுகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. காசு கொடுத்துப் பாட்டு வாங்கியவன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. திருட்டுப் பிரதி எடுத்தவனுக்கோ அந்தத் தொல்லை இல்லை!

2008இல் மைக்ரோசொப்ட் நிறுவனம், தன் எம்.எஸ்.என். மியூசிக் கடையில் விற்ற பாடல்களுக்குரிய உரிமச் சாவிகளை இனிப் புதிய கணனிகளுக்கு வழங்கப் போவதில்லை என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கூச்சலிட்ட பிறகே தவணை நீட்டிக்கப்பட்டது. 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம் தன் கின்டில் கருவியில் விற்ற இரண்டு நூல்களை, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அவர்களைக் கேளாமல் அழித்தது. விற்றவருக்கு வெளியீட்டு உரிமை இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அழிந்தவை ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’. கண்காணிப்பு ஆட்சியைப் பற்றி எழுதிய நாவலே இப்படிக் காணாமற்போனது. அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எங்கள் லயங்கள்தாம் நினைவுக்கு வரும். கணனியில் மென்பொருளை ஏற்றும்போது நீண்டதோர் ஒப்பந்தம் வருகிறது. யாரும் படிப்பதில்லை, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்துகிறோம். அந்த நீளத்துக்குள் இருக்கும் சேதி இதுதான்: இது உனக்கு விற்கப்படவில்லை, பாவிக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இருக்கலாம், உரிமை கேட்கக்கூடாது. மலையகத்தான் இதைப் படிக்காமலே அறிவான். இருநூறு ஆண்டு வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்த சமூகம் நாங்கள். இன்னமும் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த லயக் காம்பிராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லாமல் இருக்கின்றன. குடியிருக்க விடுவதும் சொந்தமாக்குவதும் ஒன்றல்ல. சாவி யார் கையில் இருக்கிறதோ அவரே வீட்டுக்காரர்.

பாடுகிறவர் பிழைக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். திருட்டுப் பிரதிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புச் சொல்கிறது. எங்கள் பாட்டை எவரோ எடுத்துத் தம் பெயரில் விற்பதை நாமும் விரும்பமாட்டோம். ஆனால் பாடியவரைக் காக்கும் வேலி வேறு, கேட்பவன் வீட்டுக்குள் நுழையும் காவற்காரன் வேறு.

இன்னொரு பக்கமும் உண்டு. சில சாவிகள் உண்மையாகவே நம் கையில் இருக்கின்றன. அவற்றை நாமே கொடுத்துவிடுகிறோம். இன்று தோட்டத்துப் பிள்ளையின் தாலாட்டு, மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயின் குரல் செய்தியாகக் கைத்தொலைபேசியில் வருகிறது. “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்” என்று எவனோ கேட்கிறான். சொல்லிவிட்டால் அவன் நம் பெயரில் உறவுக்காரர்களிடம் காசு கேட்கிறான். நம் கணக்கோ நமக்கே பூட்டப்பட்டுவிடுகிறது. அந்த ஆறு இலக்கம்தான் சாவி. அதை வங்கி கேட்காது, கொம்பனி கேட்காது, கேட்கிறவன் கள்ளன். இப்படி நேர்ந்தவர்கள் வெட்கப்பட்டு மூடி மறைக்கவேண்டியதில்லை. இத்தகைய முறைப்பாடுகளைக் கேட்பதற்கு 2006இல் ஏற்பட்ட இலங்கை சேர்ட் என்ற அமைப்பு இருக்கிறது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? பெரிய படிப்பு வேண்டியதில்லை. வீட்டில் ஒரு குரல் இருந்தால் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். மூலநாடாவை எறியாதீர்கள், அறுந்ததை ஒட்டலாம். பெயர்களை யூனிகோட் தமிழில் எழுதுங்கள். அதோடு பிள்ளையின் பாடக் கொப்பி ஒன்றிலும் பேனாவால் எழுதி வையுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தச் சாவு வீடு என்பன அதில் இருக்கட்டும். கொப்பிக்கு வைரஸ் வராது. பென் டிரைவில் கோப்பு காணாமற்போனால் போர்மட் என்ற சொல்லுக்கு உடனே தலையாட்டாதீர்கள். அதில் புதிதாக எதையும் ஏற்றாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

சோனி நிறுவனத்தின் பூட்டு அம்பலமான அதே 2005ஆம் ஆண்டில்தான், இலங்கைத் தமிழ் நூல்களை எவரும் படிக்கத் திறந்துவைக்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகமும் தொடங்கியது. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிய நூல்களும் இதழ்களும் அங்கே இருக்கின்றன. ஒலிப்பதிவுகளுக்கும் படங்களுக்கும் அவர்களுடைய ஆவணகம் இடம் தருகிறது. உங்கள் வீட்டுக் குரலுக்கு அங்கேயும் ஒரு பாய் விரித்துக் கொடுக்கலாம்.

நம்மிடையே இன்னும் பாடுகிற பாட்டிமார் இருக்கிறார்கள். வரும் மாசியில் காமன் பொட்டலில் தப்பு அடிப்பார்கள். கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது. பதிவு செய்யுங்கள். பதிவு செய்ததை அன்றைக்கே இன்னொருவருக்கு அனுப்புங்கள். அதைவிட முக்கியமாக, அந்த ஒப்பாரியில் நான்கு அடியையாவது உங்கள் மகளுக்குப் பாடத் தெரிந்திருக்கட்டும். அதைத் திறக்க எந்தக் கொம்பனியின் சாவியும் வேண்டியதில்லை.